சத்தம் இல்லாமல் ஒரு பேட்டி

குழந்தைகள் மனநல ஆய்வு நிலையத்தில் அவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிர் வாழ்ந்தது. பேட்டி எடுக்க உட்கார்ந்துவிட்டால் செய்தி வாசிப்பதுபோல ஒரே குரல் அவளுக்கு. எதிரே இருப்பது ஏழு வயதுப் பொடிசாக இருக்கலாம், பதினாறு வயதுத் தடியனாக இருக்கலாம். அழலாம், கொட்டாவி விடலாம், நாற்காலியை ஆட்டலாம். அவள் குரல் ஏறாது, இறங்காது. தாளில் உள்ள சொல் தாளில் உள்ளபடியே வெளியே வரும்.

அங்கே வேலையே அதுதான். கனத்த புத்தகம் ஒன்று உண்டு. தூக்கம், பயம், கோபம், சோகம் என்று பகுதி பகுதியாகக் கேள்விகள். எந்தப் பிள்ளை வந்தாலும் அதே கேள்விகள், அதே வரிசை, அதே சொற்கள். நடுவில் சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது. “அடப் பாவமே” என்று உச்சுக்கொட்டவும் கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் முதலில் வருவதை வாசல் கேள்வி என்பார்கள். பிள்ளை ‘ஆமாம்’ என்றால் உள்ளே போய் எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி என்று குடைய வேண்டும். ‘இல்லை’ என்றால் அந்தப் பகுதியை அப்படியே தாண்டி அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஆக, ஒரு பிள்ளையின் கஷ்டம் வெளியே வருவதும் வராமலே போவதும் வாசலிலேயே தீர்மானமாகிவிடும்.

எல்லாப் பேட்டியும் ஒலிப்பதிவாகும். மாதாமாதம் சிலவற்றை எடுத்து, எங்காவது சொல் பிசகியிருக்கிறதா என்று மேலிருப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். ரேடியோ அக்காவின் பதிவில் குற்றம் கண்டவர் கிடையாது. அந்தப் பெருமையை அவள் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாள் என்றும் சொல்ல முடியாது. பக்கத்து அறையில் பேட்டி எடுக்கிற சின்னவளுக்கு நத்தை என்று பெயர் வைத்ததே இவள்தான். பிள்ளை யோசித்தால் கூடவே யோசித்து, பிள்ளை தண்ணீர் கேட்டால் கேள்வியை நிறுத்திவிட்டு, ஒரு பேட்டிக்கு அரை நாள் எடுக்கிற ஆள் அவள்.

“நீ முடிக்கிறதுக்குள்ள அந்தப் பையனுக்கு மீசையே முளைச்சிடும்டீ” என்பாள் ரேடியோ அக்கா.

“முளைக்கட்டுமே அக்கா, நல்லாத்தான் இருக்கும்” என்பாள் நத்தை, துளி ரோஷம் இல்லாமல்.

புத்தகத்தின் கடைசிப் பகுதி ஒன்று இருக்கிறது. அதன் வாசல் கேள்வி, ‘கடந்த ஆறு மாதங்களில், உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது நினைத்தாயா?’ என்பது. நத்தையின் பேட்டிகளில் அந்த வாசல் அடிக்கடி திறந்துகொள்ளும். ரேடியோ அக்காவின் பேட்டிகளில் அத்தி பூத்தாற்போலத்தான். “என் கைராசி அப்படி” என்று அவள் சொல்வதுண்டு. கேட்டவர்களும் சிரித்துவிட்டுப் போனார்கள். அது கைராசியா வேறு ஏதாவதா என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக ஒரு மாதிரிப் பேட்டியை வீடியோ எடுக்கலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். நிலையத்தை நடத்துபவர் அவர். பேட்டி எடுப்பது யார் என்பதில் பேச்சுக்கே இடமில்லை, ரேடியோ அக்காதான். எதிரே உட்காரப் போவது யார் என்பதில்தான் சிக்கல். சிகிச்சைக்கு வருகிற பிள்ளையின் முகத்தை ஊருக்குக் காட்ட முடியாது. நடிகர்களை உட்கார வைத்தால் ஆளுக்கொரு சினிமா காட்டுவார்கள்.

“என் பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன் சார். பதினேழு வயசு. அவளுக்கு என்ன குறை, குத்துக்கல்லாட்டம் இருக்கா” என்றாள் ரேடியோ அக்கா.

சொந்தக்காரர்களைப் பேட்டி எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. விதி எழுதினவர்களே இதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்கள். நிஜப் பேட்டி இல்லையே, ஒன்றும் இல்லாத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று காட்டத்தானே என்று டாக்டரும் சரி என்றுவிட்டார். மகளும் மறுக்கவில்லை. போகிற வழியில் தாய் அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“நடிக்கல்லாம் வேண்டாம்டா. கேக்கறதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லு, போதும்.”

வீடியோ எடுத்து ஒரு மாதம் போல் ஆயிற்று. பயிற்சி நாளன்று கூடத்தில் புதியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நத்தையும் பின்னால் ஒரு நாற்காலியில் இருந்தாள். ஆளுக்கொரு புத்தகம் விரித்துக் கையில் பென்சில் பிடித்திருந்தார்கள். திரையில் பேட்டி ஓட ஓட, ஒவ்வொரு சொல்லும் தாளில் உள்ளபடி வருகிறதா என்று விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். டாக்டரே ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். விளக்கை அணைத்தார்கள்.

அந்தக் கூடத்தில் கையில் புத்தகம் இல்லாதவள் ரேடியோ அக்கா ஒருத்திதான். அவளுக்கு எதற்குப் புத்தகம், எல்லாம் மனப்பாடம். அதனால் மற்றவர்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் நிமிர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் எல்லாப் பெண்களையும்போல, இந்தப் புடவை இவ்வளவு வெளிறியா தெரிகிறது என்றுதான் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். தலையை ஒழுங்காகப் பின்னிக்கொண்டு, கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு, சமர்த்தாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கம் சரியாக வருகிறதா, வருகிறது. பயம் உண்டா, இல்லை. புதியவர்களின் பென்சில்கள் சரி, சரி என்று குறி போட்டுக்கொண்டே போயின.

கடைசிப் பகுதி வந்தது. திரையில் இருந்த ரேடியோ அக்கா வாசல் கேள்வியைத் தொடங்கினாள். குரல் பட்டுப்போல இருந்தது. சொல் பிசகவில்லை.

ஆனால் அவளுடைய தலை ஆடியது.

இடமும் வலமுமாக, மெல்ல, ‘வேண்டாம், வேண்டாம்’ என்று சொல்கிற ஆட்டம். ‘உயிரோடு’ என்ற சொல்லில் தொடங்கிக் கேள்வி முடிகிற வரைக்கும் ஆடியது. எதிரே மகள் வாயைத் திறந்திருந்தாள். மோவாய் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது, ஆமாம் என்று சொல்லப் போகிறவர்களுக்கு இறங்குமே, அப்படி. கண் அம்மாவின் முகத்தில் இருந்தது. இறங்கிய மோவாய் நின்றது. பிறகு லேசாகச் சிரித்தாள்.

“இல்ல” என்றாள்.

ரேடியோ அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீடியோ முடிந்தது, விளக்கைப் போட்டார்கள், புதியவர்கள் கை தட்டினார்கள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை என்று டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார். அவர் சொன்னது ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது அவளுக்கு. தான் பார்த்தது கண் மயக்கம்தான், வேறெதுவும் இல்லை, இருக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை.

“சார், கடைசிப் பகுதியை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க.”

“எதுக்கு, எல்லாம் சரியாத்தானே இருக்கு?”

“சத்தத்தை நிறுத்திட்டுப் போடச் சொல்லுங்க. எல்லாரும் புஸ்தகத்தை மூடி வெச்சுட்டுப் பாருங்க.”

ஏதோ பயிற்சி முறை என்று நினைத்து எல்லாரும் மூடி வைத்தார்கள். சத்தம் இல்லாமல் அந்தப் பேட்டி ஓடியது. குரல் இல்லாதபோது திரையில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஒரு தாய் தன் மகளைப் பார்த்து ‘வேண்டாம், வேண்டாம்’ என்கிறாள். மகள் சொல்ல வந்ததை விழுங்குகிறாள். தாய் பதிலைத் தாளில் குறிக்கக் குனிந்ததும் மகளின் முகத்திலிருந்த சிரிப்பு வழிந்து போய்விடுகிறது. அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தாய் நிமிர்வதற்குள் அந்தச் சிரிப்பை மறுபடி எடுத்து மாட்டிக்கொள்கிறாள்.

புதியவர்களில் ஒரு பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“நீங்க எப்பவுமே இப்படித்தானா?” என்று கேட்டார்.

“தெரியலை சார். யாரும் பார்த்ததில்லையே. எல்லாரும் கேட்டதோட சரி.”

தெரியவில்லை என்று வாய் சொன்னாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாளிலிருந்தே அந்தக் கேள்வி அவளுக்கு ஆகாது. ஒரு குழந்தையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது. கேட்கும்போதெல்லாம், இந்தப் பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இருக்கக் கூடாது என்று உள்ளுக்குள் கும்பிட்டுக்கொள்வாள். குரலை அடக்கக் கற்றுக்கொண்டவள், கும்பிட்டது தலை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. எத்தனை பிள்ளைகள். எதிரே இருக்கிற பெரியவள் வேண்டாம் என்கிறாளே என்று எத்தனை பேர் விழுங்கிவிட்டுப் போனார்களோ. கைராசி என்று சொல்லித் திரிந்தாளே, அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது.

“சார், மத்த பிள்ளைங்க...”

“எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும். அது என் பொறுப்பு, நான் பார்த்துக்கறேன். முதல்ல உங்க பொண்ணு. இப்ப எங்க இருக்கா?”

“வீட்டுலதான். பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருக்காங்க.”

“தனியாவா?”

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் அவள் மகளுக்கு போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். அவசரத்தில் வேறு யாருக்கோ போயிற்று. நத்தை எழுந்து வந்து அவள் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“நீங்க கேக்கக் கூடாது, இவ கேக்கட்டும்” என்றார் டாக்டர், நத்தையைக் காட்டி. “ஆபத்துன்னா உடனே எனக்கு போன் பண்ணுங்க. நான் இங்கயேதான் இருப்பேன்.”

நத்தையின் ஸ்கூட்டரில் போனார்கள். புத்தகத்தைப் பைக்குள் வைத்து, பையைக் குறுக்கே மாட்டி, கண்ணாடியைச் சரி செய்து நத்தை வண்டியை எடுப்பதற்குள் ரேடியோ அக்காவுக்கு உயிரே போய்விட்டது. ஒவ்வொரு சிக்னலிலும் நின்றாள். பள்ளிக்கூட வேன் ஒன்று திரும்புகிற வரைக்கும் நின்றாள். இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஒரு சிக்னலில் ரேடியோ அக்கா போனைத் திரும்ப வாங்கித் தன் கணவரைக் கூப்பிட்டாள். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர்.

“வீட்டுக்கு வாங்க.”

“என்னாச்சு? இங்க ரெண்டு பேர் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கறாங்க.”

“அவங்கள வெளிய எடுத்துட்டு வாங்க. உடனே வாங்க.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. இவள் குரலில் ஏற்ற இறக்கத்தை அவர் அன்றுதான் கேட்டாரோ என்னவோ.

மூன்றாவது மாடி. கதவைத் தட்டினாள், சாவி கைப்பையில் இருக்கிற நினைவே இல்லாமல். உள்ளே சத்தம் இல்லை. மறுபடி இரண்டு கையாலும் தட்டினாள். கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கழுத்தில் ஈரம் சொட்ட மகள் நின்றாள்.

“குளிச்சிட்டிருந்தேன்மா. எதுக்கு இப்படி இடிக்கறே?”

ரேடியோ அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். போன மூச்சு திரும்பி வந்தது. மகளை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்போல அதைவிட அதிகமாக இருந்தது. நத்தை அவள் தோளில் ஒரு கை வைத்தாள்.

“நான் பாத்துக்கறேன் அக்கா.” பிறகு மகளிடம், “உங்கிட்டக் கொஞ்சம் பேசணும்மா. அன்னிக்கு எடுத்த பேட்டியில ஒரு இடத்துல எங்க பக்கம் தப்பு நடந்துபோச்சு. உன் தப்பு ஒண்ணும் இல்ல. திரும்பக் கேக்கலாமா?” என்றாள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். இவள் தன் தலையைக் கல்லாக்கிக்கொண்டு நின்றாள்.

“கேளுங்க” என்றாள் மகள்.

அறைக்குள் போய் நத்தை முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பேட்டிக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்கிற சொற்கள்தான். “நீ சொல்றது எதையும் நான் உங்க அம்மா அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும் சொல்லியே ஆகணும். அப்பவும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.” பிறகு கதவு சாத்திக்கொண்டது.

ரேடியோ அக்கா கூடத்தில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சமையலறைக்குப் போனாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். மகளின் செருப்பு வாசலில் ஒழுங்காக இருந்தது. பரீட்சைக்கான புத்தகங்கள் மேசைமேல் அடுக்கியிருந்தன. எதிலும் ஒரு கோணல் இல்லை. இவ்வளவு ஒழுங்காக இருக்கிறதே என்று பெருமைப்பட்ட பிள்ளையைப் பார்த்து, இவ்வளவு ஒழுங்காக இருக்கிறதே என்று ஒரு நாளாவது பயந்திருக்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஊரார் பிள்ளைகளின் தூக்கத்தையும் பசியையும் விலாவாரியாகக் கேட்டு எழுதுகிறவளுக்குத் தன் பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்பது நிச்சயமாகத் தெரியவில்லை.

ஒன்றும் இல்லாவிட்டால் நத்தை வெளியே வந்து, முடிஞ்சுது அக்கா என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விடுவாள். அதுதான் நடைமுறை. உள்ளே என்ன பேசினார்கள் என்று பெற்றவளுக்குக்கூடச் சொல்ல மாட்டாள். போய்விடட்டும், எதையும் சொல்லாமல் போய்விடட்டும் என்று அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நத்தை லேசில் முடிக்கவில்லை. முதன்முறையாக அவள் மெதுவாகக் கேட்பதில் ரேடியோ அக்காவுக்குக் கோபம் வரவில்லை.

கதவு திறந்தது. நத்தையின் கையில் புத்தகம் இல்லை, உள்ளேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

“அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கு. அவகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.”

எப்போதாவது அந்த வாசல் திறந்த நாட்களில், எதிர்ப்பக்கம் நின்று பெற்றவர்களிடம் இதே சொற்களை அவளும் சொல்லியிருக்கிறாள். கேட்கிறவர்கள் சில பேர், என்ன என்ன என்று பதறுவார்கள். அவளுக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை. மேற்கொண்டு ஒரு சொல்லும் தேவைப்படாமல் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நத்தையும் தரையில் உட்கார்ந்தாள். “இந்த நெனப்பு ரொம்ப மாசமா இருந்திருக்கு. காரணம் கேட்டா அவளுக்கே சொல்லத் தெரியலை. கடைசிப் பரீட்சை எழுதிட்டு, அன்னிக்குன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணி வெச்சிருந்திருக்கா. பரீட்சைய விட்டா நீங்க வருத்தப்படுவீங்களாம். இப்ப சொல்லிட்டா அக்கா. சொல்லிட்டு நல்லா அழுதுட்டா. டாக்டர்கிட்ட வர்றேன்னு ஒத்துக்கிட்டா. இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடலாம். அதுவரைக்கும் அவள ஒரு நிமிஷம்கூட தனியா விட வேண்டாம்.”

கடைசிப் பரீட்சை வருகிற வெள்ளிக்கிழமை. ரேடியோ அக்காவே அடுப்படி நாட்காட்டியில் அந்த நாளைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள், பரீட்சை முடிந்ததும் மூவருமாக எங்காவது போகலாம் என்று. அவளுக்கு அழுகை வரவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள்.

மகள் கட்டிலில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. ரேடியோ அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமான கை, வெதுவெதுப்பாக, உயிரோடு இருந்தது.

“கோவமாம்மா?”

“இல்லடா.”

“அன்னிக்கே சொல்லியிருப்பேன். உள்ளதை உள்ளபடி சொல்லுன்னு நீதானே சொன்னே. சொல்லிடலாம்னுதான் வந்தேன். அப்ப நீ தலைய ஆட்டினே.”

“தெரியாம ஆட்டிட்டேன்டா. சத்தியமா எனக்கே தெரியாது.”

“எனக்கு எப்படித் தெரியும்? கேமரா இருக்கு, எல்லாரும் பார்ப்பாங்க, இங்க சொல்லாதே, வீட்டுல போய் பேசிக்கலாம்னு நீ சொல்றதா நெனச்சேன். எனக்கு அன்னிக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அம்மாக்குப் புரிஞ்சுபோச்சு, இனி அவளே கேப்பான்னு.” மகள் மூக்கை உறிஞ்சினாள். “அப்புறம் நீ கேக்கவே இல்லையேம்மா. தெனம் நீ ஆபீஸ்லேர்ந்து வர்றப்ப, இன்னிக்குக் கேப்பே, இன்னிக்குக் கேப்பேன்னு ஹால்லயே உக்காந்திருந்தேன்.”